வியூவில் இருந்த எட்டு வரி

குத்தாலத்து மாமா வீட்டு விசேஷத்துக்கு நான் ஏன் வரவில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். அன்று வாயால் சொல்ல வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

அந்த மாமாவும் நானும் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. பிறகு நான் குத்தகை வயலுக்கு வந்தேன், அவர் ஜெராக்ஸ் கடை போட்டார். அவர் பெண் எடுத்தது நம் ஊரில். சம்பா அறுவடை வந்தால் நம் ஊருக்கு அறுப்பு மெஷின் ஒன்று, வயல்காரர் முப்பது பேர். யாருக்கு முதலில் என்று வருஷா வருஷம் சட்டையைப் பிடிக்கிற சண்டை. முறையைப் போனிலேயே எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு வெப் அப்ளிகேஷன் செய்தால் என்ன என்று எனக்கு ஆசை வந்தது. பாப்பா, உன் பழைய லேப்டாப்பில்தான், வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றேன்.

மாடல், வியூ, கண்ட்ரோலர் என்று மூன்றாகப் பிரித்து எழுதச் சொன்னார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். மாடல் என்பது முறை நோட்டு. யார், எந்த வயல், என்றைக்கு நடவு, எல்லாம் அதில். வியூ, ஆட்கள் போனில் பார்க்கிற பக்கம். கண்ட்ரோலர் நடுவில் நிற்கிற ஆள். கேட்டதை வாங்கி, நோட்டைப் பார்த்து, பக்கத்துக்குக் கொடுப்பார். வியூ தானாக எதையும் முடிவு செய்யக் கூடாது. கொடுத்ததைக் காட்ட வேண்டும், அவ்வளவே.

முதலில் நடவு தேதிப்படி வரிசை போட்டேன். உங்கள் அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "உள்வயலுக்கு மெஷின் பறந்தா போவும்? முன்வயல அறுத்தாத்தானங்க வழி?" அந்த வழியையும் மாடலில் சேர்க்க ஒரு வாரம் ஆயிற்று.

உங்கள் மாமாவிடம் காட்டினேன். "பக்கம் மொட்டையா இருக்கு மச்சான். நோட்டீஸ் போடுற கை இது, என்கிட்ட குடு" என்றார். பாஸ்வேர்டோடு கொடுத்தேன். கலர் போட்டு, நெல்கதிர் படம் வைத்து அழகாகத்தான் செய்தார். ஊரே பாராட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மெஷின் வந்தது. டிரைவர் போனைப் பார்த்து வயல் வயலாகப் போனார். நோட்டில் நான் நாலாவது. பக்கத்தில் பதினொன்று. வானம் கறுத்து வருகிறது, நம் நெல் பழுத்துக் கவிழ்ந்து நிற்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? என் தப்பு என்று நினைத்து, இரண்டு நாள் மாடலையும் கண்ட்ரோலரையும் வரி வரியாகத் துழாவினேன். வியூவைத் திறக்கத் தோன்றவே இல்லை. அது அவர் எழுதியதாயிற்றே.

கடைசியில் திறந்தேன். எட்டு வரி. அவர் மாமனார் வகையறாவின் ஏழு வயல் எண்கள். எல்லாம் ரோட்டோர வயல், மெஷினுக்கும் தடையில்லை. இவை வந்தால் மேலே காட்டு என்று இருந்தது. நோட்டில் கை வைக்கவில்லை, காட்டுகிற இடத்தில் வைத்திருந்தார்.

போன் போட்டேன். "என்ன மாப்ள இது?"

"அட, ரெண்டு நாள் முன்ன பின்ன. மாமனார் மூஞ்சில நான் முழிக்கணும்ல?"

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ விட்ருவியா?"

மறுநாள் காலையில் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். அவர் மாமனார் சத்தம் போட்டார். "நோட்டும் நீதான் எழுதுன, பக்கமும் நீதான் வச்ச. இப்ப ஒன் வயலு பின்னாடி போனதும் கம்ப்யூட்டர் பொய் சொல்லுதாக்கும்!" பாதிப் பேர் சிரித்தார்கள். குத்தாலத்திலிருந்து வந்திருந்த உங்கள் மாமாவும் அங்கேதான் நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். டீயை ஆற்றிக்கொண்டே, "எனக்கு கலர் போட மட்டுந்தாங்க தெரியும்" என்றார்.

எட்டு வரியை அழித்தேன். அதற்குள் அந்த ஏழு வயலும் அறுத்தாகிவிட்டது. அன்று மத்தியானமே மழை பிடித்தது, மூன்று நாள் விடவில்லை. நெல் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. இந்தச் சேற்றில் டயருக்குப் பதில் செயின் போட்ட மெஷினே இறங்காது என்று டிரைவர் திரும்பிப் போய்விட்டார்.

முழங்கால் தண்ணீரில் நின்று நானும் உங்கள் அம்மாவும் கையால் அறுத்தோம். கதிரிலேயே முளை விட்டிருந்தது. தூறல் மறுபடி விழுந்தபோது அவர் வரப்பில் வந்து நின்றார், கையில் தார்ப்பாய். "இந்தா மச்சான், மூடு" என்றார். நான் குனிந்தபடி அறுத்துக்கொண்டிருந்தேன்.

"வாங்குங்க, நெல்லு நனையுது" என்றாள் உங்கள் அம்மா.

போய் வாங்கினேன். மூடினேன். மறுபடி அரிவாளை எடுத்தேன். மறுநாள் தார்ப்பாயைக் காயவைத்து, மடித்து, உங்கள் அம்மாவிடம் கொடுத்தனுப்பினேன்.