லெமுவல் சொல்லாத பெயர்

கென்டக்கி மலையடிவாரத்தில் லெமுவல் பிராக் குரல் கொடுத்தால் மூன்று மேடு தாண்டி மேயும் பன்றிகளும் வீடு திரும்பிவிடும். அந்தக் குரலில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

1860 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. அப்போதெல்லாம் அங்கே வாக்குச்சீட்டு கிடையாது. நீதிமன்றப் படியேறி, ஊரே கேட்க, வேட்பாளர் பெயரை வாயால் சொல்ல வேண்டும். அடிமை முறையை எதிர்த்த லிங்கன் பெயரைச் சொன்னவன் ஊரில் குடியிருக்க முடியாது என்று பேச்சு. லெமுவலின் மனைவிக்கு அண்ணன், கொல்லர் ஏசா டிரிப்லெட், அந்தப் பெயரைத்தான் சொல்வதாக இருந்தார்.

"எனக்குத் தொண்டை அடைச்சிக்கும் மச்சான். நீ முன்னால போய் லிங்கன்னு சொல்லு. உன் சத்தம் கேட்டா எனக்கும் தெம்பு வரும்."

"நான் சொல்றது ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கும் கேக்கும், பாரு," என்றார் லெமுவல்.

படியேறியபோது, வாக்கைப் பதியும் எழுத்தருக்குப் பக்கத்தில் கர்னல் பர்டெட் உட்கார்ந்திருந்தார். லெமுவல் சோளம் விதைப்பது அவர் நிலத்தில். அவர் முறைக்கவில்லை. "வா லெமுவல்" என்று சிரித்தார், அவ்வளவுதான்.

"பெல்," என்று கர்னல் ஆதரித்த வேட்பாளரின் பெயரை முனகினார் லெமுவல்.

"பன்னிக்குக் கேக்குற கொரல் எங்களுக்குக் கேக்கலையேப்பா. உரக்கச் சொல்லு," என்றார் எழுத்தர்.

கூட்டம் சிரித்தது. லெமுவல் மறுபடி, தெருக்கோடி வரை கேட்கும்படி, பெல் பெயரையே சொன்னார்.

அடுத்து நின்ற ஏசா, மெல்லிய குரலில் ஒரே தடவை சொன்னார்: "லிங்கன்." யாரும் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

அதற்குப்பின் அவர் உலைக்கு லாடம் அடிக்க ஒரு குதிரையும் வரவில்லை. வசந்தத்தில் குடும்பத்தோடு ஆற்றைத் தாண்டிப் போய்விட்டார். வண்டி ஏறும்போது, "தங்கச்சியப் பாத்துக்க மச்சான்," என்றார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் லெமுவலுக்கு எவ்வளவோ தேவலை. வெட்கம் அவரை உள்ளுக்குள் அரித்தது. அன்றிலிருந்து பன்றிகளைக் கூப்பிட்டது மனைவிதான்.

முப்பத்திரண்டு வருஷம் கழித்து, ஜனாதிபதித் தேர்தலுக்கு ரகசிய வாக்கு வந்தது. கிழவர் கையில் சீட்டைக் கொடுத்த அதிகாரி, "பயப்படாம உள்ள போங்க தாத்தா. யாருக்குப் போட்டீங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது," என்றான்.

லெமுவல் துணி மறைப்புக்குள் போனார். பிறகு அந்தப் பழைய குரல் கட்டடம் அதிர எழுந்தது. "லிங்கன்."

அதிகாரி ஓடிவந்து துணியை விலக்கினான். "தாத்தா, அவர் செத்து இருபத்தேழு வருஷமாச்சே."

"தெரியும்ப்பா," என்றார் லெமுவல். "ஏசாவும் செத்துட்டான்."