வியர்வைப் பட்டியும் பால் ஸ்டோர் தராசும்

முதல் நாள்

"பேசத் தெரியுமா?" என்று மாணிக்கம் முதலாளி கேட்டார்.

"தெரியுங்க."

"விக்கத் தெரியுமா?"

"பேசத் தெரிஞ்சவனுக்கு அதுவும் தெரியுங்க முதலாளி."

"அப்படி நெனச்சவனுங்கள நெறையப் பாத்திருக்கேன். நாளைக்குக் காலையில வா."

என் பணிவாழ்வு இந்த உரையாடலோடு தொடங்கியது. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். பாடசாலை விவாத அணிக்குத் தலைவனாக இருந்தவன். பாரம் தூக்கும் அணியிலும் இடம் பெற்றவன். என் குரலும் தோளும் என்னைக் கைவிடமாட்டா என்ற நம்பிக்கை எனக்கு நிறையவே இருந்தது. இன்று விற்பனைத் துறைக்கு வரும் இளைய நண்பர்கள் பேச்சை ஒரு கருவி என்று எண்ணுகிறார்கள். அது பொறுப்பும்கூட என்பதை நான் ஒரு தோட்டத்தின் சம்பள நாளன்று அறிந்தேன். அந்த நாளைச் சொல்வதற்காகவே இந்தக் குறிப்பு.

முதலாளியின் கடை வரக்காப்பொலையில் கண்டி வீதியைப் பார்த்தபடி இருந்தது. கீழே விளையாட்டுப் பொருட்கள்: கிரிக்கெட் மட்டை, கரப்பந்து, பாடசாலைகளுக்கான வெற்றிக் கிண்ணங்கள். மேலே ஒரு நீண்ட ஹோல். அதில் இரண்டு பெஞ்சுகள், துருவைச் சுரண்டிச் சாயம் பூசிய டம்பல்கள், சுவரில் விரிசல் விட்ட கண்ணாடி. அதுதான் எங்கள் ஜிம். காலையில் கீழே விற்பேன்; மாலையில் மேலே பயிற்சி கொடுப்பேன். பஸ் கொண்டக்டர், பேக்கரி வேலையாள், ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் என்று, சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் ஆகிய மூன்று சமூகத்தாரும் அந்த ஒரே பெஞ்சில் முறைவைத்துப் படுத்தார்கள். என்னை "மாஸ்டர்" என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நான் ஓர் அங்குலம் உயர்ந்தேன்.

பட்டி வந்தது

ஒருநாள் கொழும்பிலிருந்து பிரகாஷ் என்றொருவர் வந்தார். கழுத்துப் பட்டி, பளபளக்கும் சப்பாத்து, கையில் மடித்த சுவரொட்டி. மேசையில் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே கறுப்பு நிறத்தில் அகலமான இடுப்புப் பட்டியும், அதற்கு மேல் அணியும் பிளாஸ்டிக் சட்டையும் இருந்தன.

"சேர், இதுதான் வியர்வைப் பட்டி. டயட் இல்ல, எக்சசைஸ் இல்ல. கட்டிக்கிட்டு டிவி பாருங்க. தொப்பை தானாக் கரையும்."

சுவரொட்டியில் இரண்டு படங்கள். இடப்பக்கத்தில் சோகமான பருத்த மனிதர். வலப்பக்கத்தில் சிரிக்கும் மெலிந்த மனிதர். முகம் ஏறத்தாழ ஒன்றாகவே தெரிந்தது. ஆனால் இடப்பக்கத்தவரின் காதின் கீழ்மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. வலப்பக்கத்தவருக்கு அது தனியே தொங்கியது.

"பட்டி காதையும் மாத்துமா சேர்?" என்று கேட்டேன்.

பிரகாஷ் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. "நீ சும்மா இரு தம்பி. அவரு படிச்சவரு."

முதலாளிக்கு அந்தப் பட்டியின்மீது உண்மையான காதல் பிறந்துவிட்டது. அவருக்கும் தொப்பை இருந்தது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, யாரையோ தேடுவதுபோல் வீதியைப் பார்ப்பார். கேகாலை மாவட்டம் முழுவதற்கும் தாமே முகவராக வேண்டும் என்று விரும்பினார். பெட்டிகளை அடுக்க இடம் வேண்டும். அந்த இடம் எதுவென்று அவர் மேலே பார்த்த பார்வையிலேயே தெரிந்துகொண்டேன்.

"ஹோலக் காலி பண்ணணும். இரும்பையெல்லாம் பழைய சாமான்காரனுக்குப் போட்டுருவோம். இனி யாருக்குடா இரும்பு?"

"பட்டியால எடை கொறையும்னு யாரு கண்டது முதலாளி?"

"அதையும் பாத்துருவோம். ருவான்வெல்லைத் தோட்டத்துல சம்பள நாள் வருது. வேன்ல போவோம், எல்லாருக்கும் முன்னால செஞ்சு காட்டுவோம். சனம் வாங்குனா ஹோல் பட்டிக்கு. வாங்கலேன்னா ஹோல் ஒனக்கு. மைக்கப் பிடிக்கப்போறது நீதான்."

"நான் கண்ணால பாக்கிறத மட்டுந்தான் பேசுவேன்."

"பேசு. ஆனா உற்சாகமாப் பேசு."

கைகொடுத்துக்கொண்டோம். விவாத மேடையில் இதற்கு "எல்லை வகுத்தல்" என்று பெயர். எல்லையை முதலில் வகுத்துக்கொள்பவன் பாதி வெற்றியை மடியில் கட்டிக்கொண்டுதான் எழுந்து நிற்கிறான்.

சம்பள நாள்

அது இறப்பர்த் தோட்டம். காலையில் மலையில் ஏறியிறங்கி மரத்துக்கு மரம் பால் வெட்டிய பெண்களும் ஆண்களும், பிற்பகலில் சம்பளம் பெற்றுக்கொண்டு பால் ஸ்டோர் முற்றத்தில் கூடியிருந்தார்கள். துணிக்காரர், வளையல்காரர், பலூன்காரர் நடுவே எங்கள் வேன் நின்றது. பக்கத்துச் சிங்களக் கிராமத்தாரும் வந்திருந்தார்கள். நான் இரண்டு மொழியிலும் அறிமுகம் சொன்னேன்.

"யாராவது ஒரு பெரிய மனுஷர் வாங்க! இலவசமாச் செஞ்சு காட்டுறோம்!" என்று பிரகாஷ் அழைத்தார்.

கூட்டம் ஒரே குரலில் ஒரு பெயரைச் சொன்னது: "கிளாக்கரையா! கிளாக்கரையா!"

பால் ஸ்டோர் கிளாக்கர் சதாசிவம், சிரித்தபடியே நாற்காலியை விட்டு எழுந்தார். நாற்காலியும் சற்று அவரோடு எழுந்து, பிறகு விழுந்தது. அவருடைய வேலையை இங்கே சொல்ல வேண்டும். தொழிலாளர் வாளியில் கொண்டுவரும் பாலை நிறுத்தால் மட்டும் போதாது. அதில் இறப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதற்கு மெட்ரோலக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விடுவார்கள். பால் மெலிந்திருந்தால் கருவி உயர்ந்து மிதக்கும். தண்ணீரைக் கழித்துத்தான் கணக்கு எழுதப்படும். அந்தக் கருவியைக் கையில் பிடிப்பவர் சதாசிவம் ஐயா. மழை நாளில், மரத்தில் கட்டிய பால் சிரட்டைக்குள் விழுந்த துளியைக்கூட அவர் விட்டுவைப்பதில்லை என்று தோட்டத்தில் பேச்சு.

"டாக்டர் நடக்கச் சொல்றாரு தம்பி. எனக்கு எங்க நேரம்? இது வேலை செஞ்சா நடை மிச்சம்," என்று என் காதோடு சொன்னார்.

ஸ்டோரின் மேடைத் தராசிலேயே அவரை நிறுத்தோம். பட்டியைக் கட்டி, பிளாஸ்டிக் சட்டையை மாட்டி, பிரகாஷ் அவரை முற்றத்தைச் சுற்றி நடக்கவைத்தார்.

"எக்சசைஸ் வேணான்னாரு, இப்ப நடக்கச் சொல்றாரு?" என்று பார்வதி அக்கா கேட்டார். பால் வெட்டுவதிலும் வாய் வெட்டுவதிலும் அந்த மலையில் அவருக்கு நிகரில்லை.

"இது சும்மா பட்டி சூடாகுறதுக்கு அக்கா," என்றார் பிரகாஷ்.

வெயில் சுட்டது. ஐயா நனைந்த கோழிபோல் ஆனார். நெடுநேரம் கழித்துப் பட்டியையும் பிளாஸ்டிக் சட்டையையும் அவிழ்த்தார்கள். பிரகாஷ் அவருடைய ஈரச் சட்டையைக் கழற்றி வேன் கதவில் தொங்கவிட்டு, கம்பெனிப் பெயர் அச்சிட்ட புது டீசேர்ட் ஒன்றை அன்பளிப்பாக மாட்டிவிட்டார். மீண்டும் தராசு. எடை ஒரு கிலோ அளவுக்குக் குறைந்திருந்தது.

கைதட்டல் அதிர்ந்தது. "அனே, ஹரி புதுமய்!" என்று ஒரு சிங்களப் பெரியவர் வியந்தார். கைகள் பட்டியை நோக்கி நீண்டன. முதலாளியின் முகம் மலர்ந்தது. அவர் பார்வை என்னைத் தாண்டி, வரக்காப்பொலை ஹோலின் சுவர்களில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்ததை நான் கண்டேன்.

பிரகாஷ் ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார். "மாஸ்டர், கண்ணால பாத்தீங்க தானே? சொல்லுங்க."

தீர்ப்பு

"பாத்தேன்," என்றேன். "அன்பார்ந்த தோட்டத்துச் சொந்தங்களே! ஒரு மனிதரின் எடை குறைந்ததை நானும் கண்டேன், நீங்களும் கண்டீர்கள். அதை மறுக்க நான் இங்கே நிற்கவில்லை. குறைந்தது எது என்று கேட்கவே நிற்கிறேன்!"

கூட்டம் அமைதியானது. ஒரு கேள்விக்குப் பின் வரும் அந்த அமைதிக்காகத்தான் பேச்சாளன் பிறக்கிறான். வேன் கதவில் தொங்கிய சட்டையை எடுத்தேன். பால் சிரட்டை ஒன்று கேட்டு வாங்கி, அதற்கு மேல் பிடித்துப் பிழிந்தேன். வியர்வை சொட்டி, ஓடி, சிரட்டை நிறைந்தது.

"ச்சீ!" என்றார்கள் முன்வரிசைப் பெண்கள். பின்வரிசை சிரித்தது.

"கிளாக்கரையா, தாகமா இருக்குங்களா?"

"தொண்ட காஞ்சு போச்சு தம்பி. அப்பவே கேக்கணும்னு இருந்தேன்."

பார்வதி அக்கா ஒரு செம்பு தண்ணீர் நீட்டினார். ஐயா ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தார். "இப்ப மறுபடி தராசுல ஏறுங்க ஐயா," என்றேன்.

தராசு முள் முதலில் நின்ற இடத்துக்கே திரும்பி வந்து நின்றது.

முற்றத்தில் பெருஞ்சிரிப்பு எழுந்தது. "என்னாங்க ஐயா, எங்க பாலுக்குப் போடுற மெட்ரோலக்க ஒங்களுக்கும் போடவா?" என்று பார்வதி அக்கா கூவினார். "எங்க பால்ல பிடிக்கிற தண்ணிய, இன்னிக்கு அவருகிட்டயே பிடிச்சாச்சு!" என்றது இன்னொரு குரல்.

ஐயாவின் முகம் இருண்டது. அந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்தியிருந்தால் ஒரு மனிதரை அவமதித்து வென்றவன் ஆகியிருப்பேன். அப்படிப்பட்ட வெற்றியை என் பயிற்சி எனக்குக் கற்பிக்கவில்லை. ஒலிவாங்கியை அவர் வாய்க்கு அருகில் கொண்டுபோனேன்.

"சிரிக்காதீங்க! இந்த மலையில பாலையும் தண்ணியையும் பிரிச்சுத் தீர்ப்புச் சொல்ற ஆள் ஒருத்தர்தான். அவரே சொல்லட்டும். நடுவர் அவர்களே, இந்த எடையில தண்ணி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு?"

சதாசிவம் ஐயா தராசைப் பார்த்தார், சிரட்டையைப் பார்த்தார். ஸ்டோர் வாசலில் நின்று வாளிகளைப் பார்க்கும் அதே பார்வை. தொண்டையைச் செருமினார்.

"தண்ணி," என்றார். "சுத்தமாத் தண்ணி. முழுசாக் கழிச்சிரு."

அந்த முற்றத்தில் அவர் தீர்ப்புக்குக் கைதட்டல் கிடைத்தது அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். நீண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக மடங்கின. நான் அதே தீர்ப்பைச் சிங்களத்திலும் சொன்னேன்; கிராமத்தாரும் சிரித்தபடி கலைந்தார்கள். பிரகாஷ் என் அருகே வந்து பல்லைக் கடித்தார். "ஒங்களுக்குச் சம்பளம் குடுக்கிறது யாரு மாஸ்டர்?"

"முதலாளி. நான் பாத்தத மட்டும் பேசுறதுக்கு அவரு கைகொடுத்திருக்காரு."

திரும்பும் வழி

வேனில் முதலாளி வீதியையே பார்த்தபடி வந்தார். வழியில் தேநீர்க் கடையில் நிறுத்தினோம்; தேநீர் ஆறியது. வேலை போயிற்று என்று நானே முடிவு செய்து, வீட்டில் சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூட அமைத்துவிட்டேன். அதுவும் நல்ல வாக்கியமாகவே அமைந்தது.

"ஏன்டா," என்று, மறுபடி வேனில் ஏறிய பிறகுதான் முதலாளி வாய் திறந்தார், "நான் நேத்துலேருந்து ரகசியமா அதக் கட்டிக்கிட்டிருக்கேன். தெரியுமா?"

சட்டையை விலக்கிக் காட்டினார். கறுப்புப் பட்டி இடுப்பில் இறுகிக் கிடந்தது. நான் சிரிக்கக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன், அவர் சிரித்துவிட்டார். பட்டியைச் சரக்கென்று அவிழ்த்துப் பின்னாசனத்தில் அமர்ந்திருந்த பிரகாஷின் மடியில் போட்டார்.

"பெட்டியெல்லாம் திருப்பி எடுத்துக்கிட்டுப் போங்க சேர். நாளைக்கு அந்தக் கிளாக்கர் என் கடைக்கு முன்னால பஸ்ஸ விட்டு எறங்குவாரு. அப்ப நான் எந்தப் பக்கம் மூஞ்சத் திருப்புறது?"

ஹோல் பிழைத்தது. அடுத்த வாரமே முதலாளி என்னிடம் ஸ்கிப்பிங் கயிறுகளைக் கொடுத்து, மறுபடியும் தோட்டங்களுக்கு அனுப்பினார். "இது கயிறு. நீங்க குதிச்சா ஒங்களுக்கு நல்லது. குதிக்கலேன்னா துணி காயப்போடுங்க," என்று ஒலிவாங்கியில் சொன்னேன். கயிறுகள் தீர்ந்துபோயின. துணி காயப்போட வாங்கியவர்களும் இருந்தார்கள்; அவர்களிடமும் நான் பொய் சொல்லவில்லை.

குறுக்குவழியைத் தேடுபவர்களைக் கேலி செய்யாதீர்கள், இளைய நண்பர்களே. விடியலிலிருந்து மலையேறியவனுக்குச் சுகமான வழி ஒன்றைக் காண ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையைச் சந்தையாக்குபவனோடுதான் நமக்கு வழக்கு. உற்சாகம் விற்பனைக்குத் தேவை. அதை இல்லாத ஒன்றின்மீது ஊற்றாதீர்கள்.

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு மாலை, மாடிப்படியில் கனத்த காலடிகள் கேட்டன. சதாசிவம் ஐயா. கைப்பிடிச் சுவரைப் பற்றி மூச்சு வாங்கினார். பெஞ்சில் படுத்திருந்த கொண்டக்டர் எழுந்து இடம் விட்டார்.

"வந்துட்டேன் மாஸ்டர். சொல்லுங்க, எத்தன நாள்ல கொறையும்?"

நாவில் அழகான பதில்கள் பல வரிசைகட்டின. மேடையில் பெற்ற பரிசுகள் எல்லாம் அப்படிப்பட்ட பதில்களுக்குக் கிடைத்தவைதாம்.

"தெரியாதுங்க ஐயா," என்றேன். "நாளைக்கும் வாங்க."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

மறுநாளும் வந்தார்.