நாலு காரணம் சங்கரலிங்கம்

"இது எதனால ஆனது, என்ன வடிவம், யாரு ஆக்குனா, எதுக்காக ஆக்குனா? நாலையும் சொல்லுங்க, பையத் தாரேன்." மக்காச்சோள விதைப் பையை எட்டாத உயரத்தில் பிடித்துக்கொண்டு கேட்கிறார் சங்கரலிங்கம்.

"மழைக்கு முன்னால தாங்க அண்ணாச்சி" என்கிறார் எதிரே நிற்பவர்.

பந்தல்குடியில் விதை, உரக் கடை. பூச்சிமருந்து விளம்பரத்துக்கும் சாமி படத்துக்கும் நடுவே தத்துவத்தில் வாங்கிய எம்.ஏ. பட்டம் தொங்குகிறது. பழைய கிரேக்கப் பெரியவர்கள் எல்லாம் அவருக்குச் சம்பந்தி வீட்டார் மாதிரி. உலகம் ஆறு போல மாறிக்கொண்டே இருக்கிறது என்றவரை, "தண்ணியே வராத நம்ம குண்டாத்தப் பாத்திருந்தா வேற உதாரணம் தேடியிருப்பாரு" என்று மன்னித்துவிடுவார். எதுவுமே அசைவதில்லை என்றவருக்குச் சாட்சியாகத் திருச்சுழி பஸ்ஸைக் காட்டுவார். விதைக்குள் செடி 'ஆகக்கூடியதாக' இருக்கிறது என்றவரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். வியாபாரமும் அந்தப் பக்கம்தானே.

"இவுக கடையில கூட்டம் இல்லாததுக்கு மட்டும் ஒரே காரணந்தான்" என்பார் மனைவி தங்கச்செல்வி, அவரையே பார்த்தபடி.

மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருப்பது இந்தக் கரிசலின் வழக்கம். எம்.ரெட்டியபட்டி சின்னச்சாமியும் அப்படித்தான் விதைத்தார். மழை பெய்தது. பக்கத்துப் புஞ்சையெல்லாம் பச்சை கட்டியது. அவருடையது மட்டும் கறுப்பாகவே கிடந்தது. நேரே கடைக்கு வந்துவிட்டார்.

"செத்த விதையக் குடுத்துட்டீகளே! டிராக்டரு வந்து நிக்கிது. உழுதுட்டு வேற கடையில வாங்கி விதைக்கப் போறேன்."

"சாகலப்பா. இன்னும் ஆகல, அவ்வளவுதான்."

"எப்ப ஆகும்? ஈரம் காஞ்ச பெறகா?"

ஆகக்கூடியது ஆகாமலே போவதும் உண்டு என்பது விதைக்குள் செடியைக் கண்ட அந்தப் பெரியவர் கட்சியிலேயே அடக்கம். கடையில் அதைச் சங்கரலிங்கம் ஒருநாளும் சொன்னதில்லை. உழுதால் உள்ளே உயிரோடு இருப்பதும் போகும். உழாமல் விட்டு விதை செத்திருந்தால் ஈரம் போகும், இந்த வருச வெள்ளாமையும் போகும். ஷட்டரை இறக்கிவிட்டுச் சின்னச்சாமியின் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டார்.

புஞ்சையில், முன்பு விதைத்துக் கொடுத்த தங்கபாண்டியே டிராக்டரை உறுமவிட்டபடி உட்கார்ந்திருந்தார். சங்கரலிங்கம் குந்தி உட்கார்ந்து, இறுகிய மேல்மண்ணை விரலால் பெயர்த்தார். ஒன்றுமில்லை. இன்னும் தோண்டினார். விரல் முழுக்க உள்ளே போன பிறகு, வளைந்து நெளிந்து ஒரு வெள்ளை முளை.

"ஏலே தங்கபாண்டி, எம்புட்டு ஆழத்துலலே விதைச்ச?" என்று கத்தினார் சின்னச்சாமி.

"மேலாப் போட்டா தூறல நம்பி முளைச்சுக் கருகிரும், ஆழமாப் போடுன்னு நீதானலே சொன்ன!"

காரணம் யார் என்று இருவரும் கத்திக்கொண்டே இருந்தார்கள். சங்கரலிங்கம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு மண்கட்டியை உள்ளங்கையில் மாவாக நொறுக்கி, முளையின் மேல் மெல்லத் தூவி மூடினார். பிறகு எழுந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலால் வரப்பை நோக்கி நடந்தார்.