சிவப்புத் தரையும் கல் தரையும்

தரை விஷயத்தில் யாரும் எனக்குப் பாடம் சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. எண்பதுகளின் தொடக்கம். கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவர்சீயராக இருந்தேன். செஞ்சியில் சொந்த வீடு கட்டினோம். சுவர் எழும்பி, கூரை முடிந்து, தரைக்கு வந்தபோது எனக்கும் மனைவிக்கும் முட்டிக்கொண்டது. அவள் சிவப்புச் சிமெண்டுத் தரை கேட்டாள். நான் கல் பாவ வேண்டும் என்றேன்.

"சிவப்பு சிமெண்டு பத்து வருஷத்துல பல்லிளிக்கும். நடக்க நடக்கத் தேயும். கல்லு அப்டியா? மலைக்கு வயசாவுதா?"

"எங்க நைனா போட்ட தரை இன்னும் நல்லாத்தான் இருக்குது. நான் மிஷின் வெச்சித் தைச்ச எடம்கூட அப்டியே தெரியுது," என்றாள். அவள் பிறந்த வீடு அனந்தபுரத்தில்.

"தெரியுது இல்ல? அதுக்குப் பேருதான் தேய்மானம்."

சொன்னதோடு விட்டேனா? கொத்தனார் சாத்தி வைத்திருந்த கடப்பாரையை எடுத்து, மாதிரிக்கு வந்திருந்த கல் பலகையின் மேல் இடுப்பு உயரத்திலிருந்து போட்டேன். வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. விரலால் துடைத்ததும் அதுவும் போய்விட்டது. இப்போது என்ன சொல்கிறாய் என்று அவளைப் பார்த்தேன்.

"வூட்ல கடப்பாரையா குடியிருக்கப் போவுது?" என்றாள்.

கொத்தனார் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். கல்லே பாவினோம்.

அதன்பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கையால் சுற்றுகிற தையல் மிஷின் ஒன்று வைத்திருந்தாள். கிழக்கு ஜன்னலடியில் தரையில் உட்கார்ந்து, இடது காலை மடக்கி, வலது காலை நீட்டிக்கொண்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பாள். மார்கழியில் கல் ஜில்லென்று இடுப்பில் ஏறும். ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொள்வாள். "சிமெண்டா இருந்தா இவ்ளோ குளுராது," என்று ஒரே ஒருமுறை சொன்னாள். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "சித்திரையில வந்து சொல்லு," என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எழுந்துபோய் ஒரு ஜமக்காளமாவது எடுத்து வந்திருக்கலாம்.

ஆறு வருஷம் அந்த வீட்டில் இருந்தாள். மஞ்சள் காமாலை என்று பச்சிலை கொடுத்துக்கொண்டிருந்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நாள் கடந்துவிட்டது. ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிப் போனார்கள். மிஷினை அவள் தம்பி கேட்டு வாங்கிப் போனான். பழைய புடவைகளோடு அந்தச் சாக்கையும் யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் ஜன்னல் வெளிச்சம் தரையில் சாய்வாக விழுந்திருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் உட்கார்ந்த இடத்தைத் தேடினேன். உள்ளங்கையால் தடவினேன். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. ஆறு வருஷம் அவள் உட்கார்ந்திருந்த இடமும், யாரும் காலே வைக்காத மூலையும் ஒன்றுபோல இருந்தன. நான் கேட்ட கல் இதுதானே. எழுந்து அதை ஓங்கி உதைத்தேன். என் கால்தான் வலித்தது.

அன்றே அனந்தபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

அவள் பிறந்த வீட்டில் இப்போது தம்பிதான் இருந்தான். கூடத்தில் மரப்பலகை போலவே கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டியிருந்தான். அவன் கல்யாணத்துக்குப் போட்டது. கட்டில் கால் பட்ட இடத்தில் அதற்குள் கிழிந்திருந்தது. இது இரண்டு வருஷம் தாங்காது என்று என் ஓவர்சீயர் புத்தி கணக்குப் போட்டது. அந்தப் புத்தியின் மேல் எனக்கே வெறுப்பு வந்தது.

எதற்கு வந்தேன் என்று திக்கித் திணறிச் சொன்னேன். அவன் உள்ளே போய்க் கத்தி எடுத்து வந்தான்.

"வேணாம்பா. கிழிஞ்சிடும்."

"கிழிஞ்சா கிழியட்டும் மாமா."

ஜன்னலோரம் விரிப்பை நெம்பித் தூக்கினான். கீழே சிவப்புத் தரை. மிஷின் இருந்த இடம் நீளவாக்கில் மங்கியிருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி, சிவப்பு போய்ச் சாம்பல் நிறம் தெரிய, அரை எலுமிச்சம்பழ அகலத்தில் ஒரு சின்னப் பள்ளம்.

"அக்கா குதிகாலு," என்றான். "மிஷின் சுத்தறப்ப அங்கதான் ஊனிக்கும்."

அவள் உட்காருவது போலவே உட்கார்ந்தேன். இடது காலை மடக்கி, வலது காலை நீட்டி, குதிகாலை அந்தப் பள்ளத்தில் வைத்தேன். என் குதிகால் அதில் அடங்கவில்லை. காலை எடுத்துவிட்டு உள்ளங்கையை வைத்தேன். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெளியே மழை பிடித்திருந்தது. கைக்குக் கீழே தரை அவ்வளவாகக் குளிரவில்லை. அவள் சொன்னது சரிதான்.