ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு

பொன்னேரியில் கொஞ்சம் கூட்டம் இறங்கும். அதற்குப் பிறகுதான் லேடீஸ் பெட்டியில் கையைத் தூக்கி செல்போனைப் பார்க்க இடம் கிடைக்கும். அப்படி இடம் கிடைத்த ஒரு காலையில்தான் என் நாத்தனார் தன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் செண்டுமல்லி. நடுவில் ஒரு வரப்பு, அதில் யாரோ ஒரு பெண் நடந்து போகிறாள். அவ்வளவுதான் வீடியோ. அதையே அவர் கவரைப்பேட்டை வரும்வரை திரும்பத் திரும்ப ஓட விட்டார். "இத நேர்ல பாக்கணும்மே," என்றார். நான் சிரித்துவிட்டேன். மீஞ்சூரில் ஏறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்குவது, திரும்ப ஏறி மீஞ்சூரில் இறங்குவது, இதைத் தவிர வேறு ரயில் பயணமே அறியாத அண்ணி பூ பார்க்கப் போகிறாராம்! அவர் சிரிக்கவில்லை.

என் கணவரின் அக்கா அவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நாத்தனார் என்றால் நாக்கில் விஷம் வைத்திருப்பாள் என்று பயமுறுத்தித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை, எனக்குத்தான் வாய் நீளம். அண்ணியின் புருஷன் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து அம்மா, தம்பி, தம்பியின் படிப்பு, தம்பியின் கல்யாணம், அதாவது நான், எல்லாமே அவர் தலையில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் லைன் லீடராக இருந்தார். மோல்டிங் மெஷினிலிருந்து சூடாக வரும் பாகங்களின் ஓரப் பிசிறைச் சீவி, சரிபார்த்து, அடுக்கி அனுப்புவது எங்கள் லைனின் வேலை. என்னையும் அங்கே சேர்த்துவிட்டது அவர்தான்.

அண்ணி லீவு எடுத்து நான் பார்த்திருக்கிறேன். சித்தப்பா சாவுக்கு எடுத்தார். பெரியம்மா மகள் கல்யாணத்துக்கு எடுத்து, இரண்டு நாளும் பந்தியில் பரிமாறிவிட்டு வந்தார். என் பிரசவத்துக்கு எடுத்து, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். அன்று ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எனக்கோசரம் ஒரு நாள் வேணும்மே. ஒரே ஒரு நாள். யாரும் சாவாம, யாருக்கும் கல்யாணம் ஆவாம." அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

எங்கள் லைனில் ஆந்திராவின் குப்பம் ஊர்ப் பக்கத்துத் தெலுங்குப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் ஊரை விட்டு வந்த பிறகு அங்கே ராகியை விட்டுவிட்டு எல்லோரும் செண்டுமல்லி போட ஆரம்பித்துவிட்டார்களாம். ஜோலார்பேட்டை தாண்டினால் அவள் ஊர். விடிகாலையில் சென்ட்ரலில் ஏறினால் மதியத்துக்குள் வயலில் நிற்கலாம், இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்று நான் போனில் பார்த்துச் சொன்னேன். அவ்வளவுதான், அண்ணிக்கு இறக்கை முளைத்துவிட்டது. தான் மட்டும் போவதாவது, லைன் மொத்தமும் வரவேண்டும் என்றார். ஆம்பளைங்க ஏற்பாடு செய்யும் வேன் டூரில் போகிற இடமெல்லாம் அடுப்புப் பற்றவைத்தே எங்களுக்குப் பொழுது போய்விடும். இதில் யாரும் கரண்டி தொடக்கூடாது, தயிர் சாதம் ரயில்வே ஸ்டேஷனில் வாங்கிக்கொள்ளலாம் என்பது அண்ணி போட்ட சட்டம். மாமியார்களிடம் பேச அவரே வீடு வீடாகப் போனார். எங்கள் வீட்டு மாமியாரைத்தான், அதாவது பெற்ற தாயைத்தான், அவரால் மடக்க முடியவில்லை. "பூவ பாக்கறதுக்கு ரயிலேறி போவாளாம்! பூக்காரன் தெனம் வாசல்லயே வந்து கூவறானே, அவன போய் பாரேன்டி," என்று அத்தை தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

பண்டிகை நெருங்கினால் ஞாயிறிலும் லைன் ஓடும்; எல்லோருக்கும் ஒன்றாக லீவு கிடைப்பது ஆயுத பூஜைக்கு மறுநாள்தான். விஜயதசமிக்குக் கம்பெனி மூடியிருக்கும். அந்த நாளுக்கே நான் டிக்கெட் போட்டேன். இதில் ஒரு ஓட்டை இருப்பது எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. வருஷா வருஷம் எங்கள் கையாலேயே மெஷினுக்கெல்லாம் செண்டுமல்லி மாலை போடுகிறோம். அது எந்த வயலிலிருந்து வருகிறது என்று யோசித்தோமா? மதியச் சாப்பாட்டு நேரத்தில் தெலுங்குப் பெண் முகம் செத்துப்போய் வந்தாள். "அக்கா, பூஜைக்கு முன்னாடியே எல்லாத்தையும் பறிச்சி லாரில ஏத்திடுவாங்களாம். விஜயதசமிக்கு வந்தா வெறும் செடிதான் நிக்கும்னு எங்க நைனா சிரிக்கிறாரு." அண்ணி பிசைந்த சோற்றை டப்பாவிலேயே வைத்துவிட்டார். லைன் முழுக்க ஒரே முணுமுணுப்பு. வேண்டுமானால் பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள் ஒருத்தி. அப்படித் தள்ளிப்போட்டால் அந்த நாள் ஜென்மத்துக்கும் வராது என்று எனக்குத் தெரியும். அண்ணிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போனால் வயல் பூவோடு நிற்கும். ஆனால் பண்டிகைச் சரக்குக்காக அன்று லைன் ஓடும் என்று ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள். கையைக் கழுவிக்கொண்டு அண்ணி நேராக மேனேஜர் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். "சார், ஞாயித்துக்கெழம எங்க லைன நிறுத்துங்க. விஜயதசமி அன்னிக்கி நாங்க வந்து ஓட்டித் தர்றோம். நாளுக்கு நாள்," என்றார். மேனேஜர் சிரித்தார். பூஜைக்கு மறுநாள் எவள் வருவாள், எல்லோருக்கும் சேர்த்து வாக்குக் கொடுக்க நீ யார் என்று கேட்டார். அண்ணி அசையவில்லை. "விஜயதசமியில வேலைய தொடங்கினா நல்லதுன்னுதான சார் ஊர்ல சொல்றாங்க? நாங்க தொடங்கி வெக்கிறோம். ஒருத்தி கொறஞ்சாலும் அப்புறம் ஆயுசுக்கும் நான் ஞாயித்துக்கெழம லீவு கேக்க மாட்டேன்." மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு என்ன தோன்றியதோ, ஆமாம் சார் என்று பெரிதாகத் தலையாட்டிவிட்டேன்.

வெளியே வந்ததும் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். பண்டிகை நாளில் வேலையா என்று ஒரே கூச்சல். அண்ணி ஒரே போடாகப் போட்டார். "பண்டிகைன்னா ஊட்ல இன்னா பண்ணுவ? வடை சுடுவ, பாத்திரம் தேய்ப்ப. இங்க வந்தா ஒக்காந்துகினு வேலை செய்யலாம்." முதலில் தெலுங்குப் பெண் சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் அன்று மாலையே பழைய டிக்கெட்டை ரத்து செய்து புதிது போட்டேன்.

அந்த ஞாயிறு போனோம். ஆம்பூர் வரைக்கும் பாட்டும் கும்மாளமுமாக இருந்தது. அண்ணி மட்டும் தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தார். வயலைப் பார்த்த பிறகு, போனில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்த வாசனையை எந்தப் போன் காட்டும்? நாளைக்குப் பறிக்க ஆள் வருகிறது, வேண்டியதைப் பறித்துக்கொள்ளுங்கள் என்று வயல்காரம்மா தாராளமாகச் சொன்னார். நாங்கள் முந்தானையை விரித்தோம். "யாரும் கைய வெக்காதீங்க. நாம பாக்க வந்தோம்," என்று அண்ணி ஒரு அதட்டல் போட்டார். பிறகு, ரயில் நேரத்தை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்தார். காலை நீட்டி, கையைப் பின்னால் ஊன்றி, எதையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். அப்படி அவரை நான் அதுவரை பார்த்ததே இல்லை. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடப் போனவளையும் நான் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

விஜயதசமி அன்று காலை கம்பெனி வாசலில் அண்ணி நின்ற நிற்பு வேறு கதை. நெற்றியில் வியர்வை. ரயில் வந்த பிறகும் இரண்டு பேரைக் காணோம். மேனேஜர் வேண்டுமென்றே கேட்டுக்குப் பக்கத்தில் உலாத்திக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த இருவரும், மடித்த வாழை இலையில் வடையோடு, மூச்சு வாங்க ஓடி வந்தார்கள். மாலை வாடாத மெஷின்களுக்கு நடுவே அன்று லைனை ஓட்டினோம். அடுத்த வருஷம் அந்த ஞாயிறை நாங்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை, மேனேஜரே விட்டுக் கொடுத்தார். அதற்கடுத்த வருஷங்களிலும் அப்படித்தான் பூ பார்த்துவிட்டு வந்தோம்.

போன வருஷம் முட்டி வலி பொறுக்காமல் அண்ணி வேலையை விட்டார். லைனிலும் பாதிப் பேர் மாறிவிட்டார்கள். தெலுங்குப் பெண் கல்யாணமாகி ஊரோடு போய்விட்டாள். இந்த வருஷம் யாரும் பயணப் பேச்சை எடுக்கவில்லை. வீட்டு வேலையில் நானும் மறந்துதான் போனேன். பூஜைக்கு முந்தின ஞாயிறு காலை எழுந்து பார்த்தால் அண்ணியின் பாயில் ஆள் இல்லை. செருப்பும் இல்லை. அத்தை வீட்டுக்கும் தெருவுக்குமாக அலைந்தார். நான் போன் போட்டேன். திரும்பத் திரும்ப அடித்து, வெயில் ஏறிய பிறகுதான் எடுத்தார். பின்னால் ரயில் சத்தம். அத்தை என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "சொல்லாம கொள்ளாம எங்கடி போன? யாருனா செத்துட்டாங்களா?" என்று அலறினார்.

"எல்லாரும் நல்லாத்தான் கீறாங்கம்மா. ஆம்பூர் தாண்டிட்டேன். சோத்த நீங்களே ஆக்கிக்கோங்க," என்று சொல்லிவிட்டு அண்ணி போனை வைத்துவிட்டார்.