கவிழ்த்துப் போட்ட மூடி

டொலீனா கில்லிஸ் பிறக்கும்போதே கட்சிக்காரி. கனடாவின் கேப் பிரெட்டன் தீவில், செயின்ட் ஓரன் துறையில் எல்லாருமே அப்படித்தான். குழந்தை பிறந்த சேதி கேட்டுப் பாதிரியார் தொப்பியைத் தேடி எடுப்பதற்குள் கட்சி முந்திக்கொண்டு வந்து தொட்டிலில் உட்கார்ந்துவிடும். பிற்பாடு மதம் மாறினாலும் மாறலாம், கட்சி மாற முடியாது. கில்லிஸ் குடும்பத்தில் ஒருத்தன் மாறிப் பார்த்தான். அன்றைக்கே அவன் வீட்டுப் பசுக்கள் அவனிடம் பால் கறக்க நிற்க மறுத்துவிட்டன. வேலி தாண்டிப் போய் டொலீனாவின் அப்பாவிடம் கறக்க நின்றன.

டொலீனா பள்ளிப் பேருந்து ஓட்டினாள். பனிக்காலத்தில் அந்தக் கரையில் அடிக்கிற காற்றுக்கு, கட்டாமல் விட்ட நாய் கடலுக்கு அந்தப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்தில் போய்க் குரைக்கும். அந்தக் காற்றிலும் ஒரு பிள்ளையை அவள் தாமதமாகக் கொண்டு சேர்த்ததில்லை. தேர்தல் நாளன்று மட்டும் லீவு போட்டுவிட்டுத் தன் சொந்த வேனை எடுப்பாள். நடக்க முடியாதவர்கள், நடக்க முடிந்தும் நடக்காதவர்கள், எதிர்க்கட்சிக்குப் போட்டுவிடுவார்களோ என்று சந்தேகப்பட வேண்டியவர்கள் எல்லாரையும் அள்ளிப்போட்டுக்கொண்டு தீயணைப்பு நிலையத்தில் உள்ள வாக்குச்சாவடியில் இறக்குவாள். செத்தவர்களையும் கூட்டி வருகிறாள் என்று எதிர்க்கட்சி புகார் சொன்னது. அது அபாண்டம். ஒரே ஒரு கிழவர் மட்டும் வேனில் செத்தார். அதுவும் திரும்பி வரும் வழியில், ஓட்டுப் போட்ட பிறகு.

இத்தனை செய்தவள் கட்சியிடம் எதையும் கேட்டதில்லை. கேட்கவைத்தது படகுத்துறைதான். முந்தைய குளிர்காலப் புயல் அதன் கடல் முனையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. துறை ஒட்டாவா அரசாங்கத்தின் சொத்து. பார்க்க வந்த அதிகாரிகள், பழுது பார்க்காவிட்டால் சங்கிலி போட்டு மூட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூடினால் சிங்கி இறால் படகுகள் மலைக்கு அந்தப் பக்கத்துத் துறைக்குப் போகும். படகுகளோடு ஆட்களும் போவார்கள். பிறகு கடை, பள்ளிக்கூடம், கோவில் என்று ஒவ்வொன்றாக விளக்கணையும்.

அதனால் வசந்தத்தில் தேர்தல் வந்ததும் டொலீனா போனைப் பிடித்துத் தொங்கினாள். தொகுதி அலுவலகம், மாகாண அலுவலகம், ஒட்டாவா என்று யாரையும் தூங்கவிடவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். பிரசாரத்துக்குத் தீவைச் சுற்றிவரும் கட்சித் தலைவர் செயின்ட் ஓரனில் நிற்பார், ஒரு படகில் ஏறி நின்று, 'இந்தத் துறையை நாங்கள் கட்டித் தருவோம்' என்று டிவி கேமராக்களின் முன்னால் சொல்வார். அந்த ஒரு வாக்கியம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

படகுக்குச் சித்தப்பா மகன் லாக்கியிடம் போனாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். லாக்கி தாய்வழியில் எதிர்க்கட்சி.

"உங்காளு என் படகுல காலு வைக்கிறதா? எங்கம்மா கல்லறைய ஒடச்சிக்கிட்டு வந்துருவாடி."

"வரட்டும். அவ ஓட்டையும் ஒரு கை பாத்துர்றேன். துறை வேணுமா, வேணாமா?"

"வேணும்."

"அப்ப வாய மூடிக்கிட்டுப் படகக் கழுவு."

லாக்கி கழுவினான். கழுவிவிட்டு, "அந்தாளு படகுல நின்னு சீட்டியடிக்கக் கூடாது, பன்னின்னு சொல்லக் கூடாது, படகுக்கு ஆகாது, சொல்லி வை," என்றான்.

"தலைவருய்யா அவரு. பன்னியப் பத்தி எதுக்குப் பேசப்போறாரு?"

"அரசியல்வாதி எதப் பேசுவான்னு யாரு கண்டா?"

தலைவர் வந்தார். பின்னாலேயே ஒரு பேருந்து நிறையப் பத்திரிகைக்காரர்கள். முன்னால் கோர்ட்னி என்ற பெண். தலைவர் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் சிரிப்பது, சட்டைக் கையை எத்தனை மடிப்பு மடிப்பது எல்லாம் அவள் கணக்கு. அவள் போனில் ஒரு படம் எடுத்துப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனாள். தலைவர் குள்ளம். அவருக்குப் பின்னால் அடுக்கியிருந்த இறால் கூண்டுகள் அவரைவிட நெட்டை.

"எதாவது ஏறி நிக்க வேணும், சீக்கிரம்," என்றாள் கோர்ட்னி.

படகின் அடிக்கிடங்கை மூடுகிற பலகை காலடியில் கிடந்தது. மேல்பக்கம் மீன் இரை ஒழுகி வழவழப்பு. கோர்ட்னி அதைத் தூக்கி ஒரு மீன் பெட்டியின் மேல் போட்டாள். காய்ந்திருந்த அடிப்பக்கம் வானத்தைப் பார்க்கும்படி, கவிழ்த்துப் போட்டாள்.

துறையில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். மூடி எப்படிக் கவிழ்கிறதோ படகும் அப்படிக் கவிழும். அந்தக் கரையில் அதற்கு யாரும் நிரூபணம் கேட்டதில்லை. அந்த ஊர்க் குழந்தை முதலில் 'அம்மா' சொல்லும். அடுத்து 'மூடியைத் திருப்பாதே' சொல்லும்.

லாக்கி டொலீனாவைப் பார்த்தான். அவள் கோர்ட்னியின் பக்கத்திலேயே நின்றிருந்தாள். கையை நீட்டினால் போதும், ஒரு வார்த்தை போதும். ஆனால் தலைவர் அதற்குள் ஏறி நின்று, "நண்பர்களே, இந்தப் படகுத்துறை..." என்று ஆரம்பித்துவிட்டார். வாக்கியம் பாதி வெளியே வந்துவிட்டது. மீதியும் வந்து விழட்டும், அடுத்த நொடியே மூடியைத் திருப்பிவிடலாம் என்று டொலீனா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

லாக்கி காத்திருக்கவில்லை. "எறங்குய்யா!" என்று ஒரு கத்துக் கத்திக்கொண்டு பாய்ந்து பலகையைப் பிடித்து இழுத்தான். தலைவர் கூண்டைப் பிடித்தார், கூண்டு அவரைப் பிடிக்கவில்லை. இரைத் தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டார். கேமராக்கள் பட்டாசாய் வெடித்தன.

"தலைவரே, உங்க உண்மையான உயரம் என்ன?" என்று ஒரு நிருபர் கேட்டான்.

தலைவர் ஊறவைத்த மீன் வாசனையோடு பேருந்தில் ஏறினார். வாக்கியத்தின் மீதியும் அவரோடு ஏறிக்கொண்டது.

சாயங்காலத்துக்குள் நாடு முழுக்க மூடிதான் பேச்சு. கட்சி முதலில், தலைவர் எதன் மேலும் நிற்கவில்லை என்று அறிக்கை விட்டது. படம் டிவியில் ஓடிக்கொண்டிருந்தபோதே விட்டது. பிறகு, நின்றார், கடல் கொந்தளிப்பால் அவசியமாயிற்று என்றது. அன்றைக்குக் கடல் கிண்ணத்துப் பாலாக இருந்ததைப் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. மூன்றாவதாக, உள்ளூர்த் தொண்டர் ஒருவர் அறியாமல் மூடியைப் போட்டுவிட்டார் என்று சொன்னது. அந்தத் தொண்டரின் பெயரும் எப்படியோ வெளியே கசிந்தது.

கோர்ட்னி போன் செய்தாள். "கில்லிஸ் அம்மா, நிருபர்ங்க வருவாங்க. நீங்க மறுக்காம இருந்தா போதும். மறுத்தீங்கன்னா நாலாவதா ஒரு அறிக்கை விடணும், கட்சி தாங்காது. துறை நிச்சயம் உண்டு. தலைவர் தன் வாயால சொல்லச் சொன்னாரு."

"நெஜமாவா சொன்னாரு?"

"சத்தியமா."

நிருபர்கள் வாசலுக்கு வந்தார்கள். தலைவரின் உயரத்தைக் கேட்ட அதே ஆள் முன்னால் நின்றான்.

"மூடியப் போட்டது நீங்கதானா அம்மா?"

"ஆமா."

"திருப்பிப் போடக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

டொலீனா துறையை நினைத்தாள். "தெரியாது," என்றாள்.

ஊர் முழுக்க அதை டிவியில் பார்த்தது. அந்தக் கரையில் பிறந்து, கடலுக்குத் தாத்தாவைக் கொடுத்த ஒருத்தி, தெரியாது என்கிறாள். மறுநாள் கடைக்குப் போனாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் சாமான்களின் விலையைப் படிக்க ஆரம்பித்தார்கள். லாக்கியோடு கடலுக்குப் போகிற ஆள் நின்றுகொண்டான். அவனுக்குப் பதில் வேறு ஆள் கிடைக்கவில்லை. மூடி கவிழ்ந்த படகில் யார் ஏறுவார்கள்? பருவத்தின் நடுவில், நல்ல இறால் ஓடுகிற நேரத்தில், லாக்கியின் படகு கட்டியபடி கிடந்தது.

லாக்கி ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"போட்டது நீ இல்ல. நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன்."

"தெரியும்டா."

"நீ சும்மா நின்னதக்கூட மன்னிச்சிருப்பேன். துறைக்காக நின்ன. ஆனா தெரியாதுன்னு சொன்ன பாரு..."

"அதுவும் துறைக்காகத்தான்டா. கட்டித் தரேன்னு சொல்லியிருக்காங்க."

"கட்டட்டும். படக விக்கப்போறேன்டி. வெளியூர்க்காரன் எவனாச்சும் வாங்குவான். துறைய வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண? வேடிக்கை பாக்கவா?"

தேர்தல் நாளன்று டொலீனா வேனை எடுத்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஹார்ன் அடித்தாள். ஜன்னல் திரைகள் அசைந்தன, கதவுகள் அசையவில்லை. காலொடிந்து கிடந்த கிழவி ஒருத்தி, பிடித்து நடக்கிற சக்கரச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு, வேனைப் பார்க்காமல், சாவடிவரை நடந்தே போனாள்.

அந்தத் தொகுதியில் கட்சி தோற்றது. நாட்டில் ஜெயித்தது. டொலீனா கொஞ்ச நாள் பொறுத்துவிட்டு ஒட்டாவாவுக்குப் போன் போட்டாள். கோர்ட்னி இப்போது பெரிய அதிகாரி. அவளை எட்டவே பல நாளாயிற்று.

"துறை விஷயமா..."

"கில்லிஸ் அம்மா, நல்லா இருக்கீங்களா? அது... எப்படிச் சொல்றது? அந்த ஊர்ல நாங்க ஒரு ஆணி அடிச்சாலும் டிவிக்காரங்க அந்தப் படத்த மறுபடி போடுவாங்க. இரைத் தொட்டி, எல்லாம். தலைவர் பிரதமர் இப்ப. அவர் பேரும் அந்த ஊர் பேரும் ஒரே வரியில வரக் கூடாதுன்னு இங்க முடிவு."

"அவரு வர வேணாம். ஆணிய மட்டும் அனுப்புங்க."

"முடியாதும்மா. உங்களுக்குப் புரியும்."

டொலீனாவுக்குப் புரிந்தது. வாசலில் வந்து கேள்வி கேட்ட அந்த நிருபரின் எண்ணைத் தேடிப் பிடித்தாள்.

"நான் போடல. எனக்குத் தெரியும், திருப்பக் கூடாதுன்னு."

"எத அம்மா?"

"மூடிய."

அவனுக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஓ, அதுவா!" என்று சிரித்தான். வெறுப்பான சிரிப்பில்லை. "தேர்தலே முடிஞ்சிருச்சே. அத இப்ப எவன் போடுவான்?"

இலையுதிர் காலத்தில் ஒரு லாரி வந்தது. தீவிலேயே உள்ள சிட்னி நகரத்திலிருந்து இரண்டு வேலையாட்கள் சங்கிலியும் 'நுழையாதே' பலகையும் கொண்டுவந்தார்கள். லாக்கியின் படகு எப்போதோ டிரெய்லரில் ஏறி மலையைத் தாண்டிவிட்டது. மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. டொலீனா மட்டும் துறை முகப்பில் கோட்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"இந்த ஊருதான அது? மூடிய ஒரு பொம்பள கவுத்துப் போட்டாளே?" என்று ஒருத்தன் போல்ட்டை முறுக்கிக்கொண்டே கேட்டான்.

"இதே ஊருதான்."

"அவ இன்னும் இங்க இருக்காளா?"

"இருக்கா," என்றாள் டொலீனா.

அவன் சங்கிலியை ஒருமுறை பலமாக இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.