அண்ணன் இருக்கிறார் என்று எழுதச் சொன்ன நாள்

பிள்ளைகளே, முகத்துவாரக்குப்பத்துக் கரையில் எல்லாப் படகும் கடலுக்குப் போய் வர, என் அண்ணன், உங்கள் பெரியப்பாவின் ஃபைபர் படகு மட்டும் ஏன் சும்மா கிடக்கிறது, விற்றுவிடலாமே என்று கேட்டீர்கள். பெரியம்மா பக்கத்தில் இருந்ததால் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது எழுதி வைக்கிறேன்.

விற்கத்தான் பெரியப்பாவும் நினைத்தார். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப நாளாகும். அதற்குள் படகு வாங்க ஆள் வந்தால் யார் கையெழுத்துப் போடுவது? அதனால் எனக்குப் பவர் எழுதித் தந்தார். திருவொற்றியூரில் முத்திரைத்தாள் வாங்கி, டைப் அடித்து, நோட்டரி வக்கீலிடம் போனோம். பெரியம்மாவும் வந்தார். பெரியப்பா போட்டோவையும் என் போட்டோவையும் ஒட்டினார்கள். பெரியப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுக் கைரேகை வைத்தார். கயிறு இழுத்துத் தேய்ந்த கட்டைவிரல். ரேகையே விழவில்லை. மறுபடி மை தடவி அழுத்தியும் கறுப்பாக ஒரு திட்டுதான் விழுந்தது.

"ஒண்ணு தெரிஞ்சுக்கங்க," என்றார் வக்கீல். "எழுதிக் கொடுத்தவர் உயிரோட இருக்கிற வரைக்கும்தான் பவர் செல்லும்."

பெரியப்பா சிரித்தார். "அப்போ இவன் எனக்கோசரம் கையெழுத்து போட்டான்னா நான் உயிரோட கீறேன்னு அர்த்தம். இன்னா சார், கரீட்டா?"

"இன்னா பேச்சு இது, வாயக் கழுவு," என்று பெரியம்மா அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். வக்கீல் முத்திரை குத்தினார்.

அதன்பின் பெரியப்பா ஏறிப்போன விசைப்படகு திரும்பவில்லை. உடைந்த பலகைகூட ஒதுங்கவில்லை. உடல் கிடைக்காதவருக்கு எங்கள் வீட்டில் காரியம் செய்வதில்லை. பெரியம்மா பூவும் பொட்டுமாகவே இருந்தார். சாயங்காலமானால் வாசலில் ஒரு குடம் நல்ல தண்ணீர் வைப்பார், கடலிலிருந்து வருகிறவர் கால் கழுவ. காலையில் பார்த்தால் கொஞ்சம் குறைந்திருக்கும். நாய் குடித்திருக்கும் என்பேன்.

"மூடி வச்ச கொடத்த நாயி தொறக்குமா?" என்பார்.

மழைக்காலம் முடிந்து, எர்ணாவூர்க்காரர் ஒருவர் படகைக் கேட்டு வந்தார். பெரியம்மா என்னைக் கூப்பிட்டார்.

"பவர் பத்திரத்த எடுத்துக்கினு போ. வித்துடு."

"இப்ப இன்னா அவசரம் அண்ணி?"

"உங்கண்ணன் சொன்னத மறந்துட்டியா? நீ கையெழுத்து போட்டு அது செல்லுச்சுன்னா அவரு கீறாருன்னுதான அர்த்தம்? போட்டுட்டு வா. எனக்கு அது போதும்."

பத்திரத்தை உறையோடு எடுத்துக்கொண்டு போனேன்.

அதே வக்கீல். அவருக்கு எதுவும் தெரியாது. "எழுதிக் கொடுத்தவர் இன்னிக்கும் உயிரோட இருக்கார்னு நீங்க ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடணும். வாங்குறவருக்குப் பாதுகாப்பு," என்றார்.

"ஓனரு கடல்ல கீறாருன்னு உன் அண்ணி சொல்லிச்சு," என்று எர்ணாவூர்க்காரர் பேனாவை நீட்டினார். "எழுது நைனா, இன்னா யோசன?"

பத்திரத்தைப் பிரித்தேன். விரலில் ஏதோ பிசுபிசுத்தது. பெரியப்பா வைத்த மை என் கட்டைவிரலில் ஒட்டியிருந்தது. பீரோவில் உறைக்குள் மாதக்கணக்காகக் கிடந்த பத்திரம்.

"கடல்காத்து ஈரம். மை இளகியிருக்கும்," என்றார் வக்கீல்.

இருக்கலாம். ஆனால் அன்று விழாத ரேகை இப்போது அந்தத் திட்டில் சுழி சுழியாகத் தெரிந்தது. அது என் விரல் பதிந்த ரேகைதான், எனக்குத் தெரியும். ஆனாலும் பேனா ஓடவில்லை. எழுதினால் பொய்யாகலாம். எழுத முடியாது, அவர் செத்துவிட்டார் என்று வீட்டுக்குப் போய்ச் சொல்ல நான் யார்?

"ஓனரு வரட்டும் சார்," என்று எழுந்துவிட்டேன்.

பெரியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "போட்டியா?"

"போடல அண்ணி. அவரு படகு. அவரே வந்து விக்கட்டும்."

என் முகத்தைப் பார்த்தார். கறுத்திருந்த விரலைப் பார்த்தார். "அதுவும் சரிதான்," என்றவர், குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்.

நான் மட்டும் கரைக்குப் போனேன். படகுக்குள் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அள்ளிக் கொட்டித் துடைத்தேன். பிறகு கட்டுக்கயிற்றை அவிழ்த்து, காலையில் கடலுக்குப் போகிற படகுக்குக் கட்டுவதுபோல, ஓர் இழுப்பில் அவிழும் முடிச்சாக மாற்றிக் கட்டினேன்.